ஆஸ்பத்திரித் தர விவரம்: யாரும் படிக்காத அட்டவணையை எப்படி மாற்றுவது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் 400 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள 11 ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஆறு மாதம் அலைந்து விவரம் சேர்த்து, 34 நெடுவரிசை கொண்ட எக்செல் அட்டவணை ஒன்றைச் செய்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டீர்கள். சிலர் நன்றி சொன்னார்கள். மறுவாரமே அதே குரூப்பில், "மூட்டு ஆபரேஷனுக்கு நல்ல டாக்டர் யாராவது சொல்லுங்களேன்" என்று ஒருவர் கேட்டார். அட்டவணையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இதை எப்படிப் பயன்படும்படி மாற்றுவது என்பது உங்கள் கேள்வி. அட்டவணையை அழகாக்குவது பற்றிய கேள்வியாக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் ஆபரேஷன் என்று முடிவான அன்றைக்கு, கையில் இருக்கும் விவரத்தில் எது அந்த வீட்டாரின் முடிவை மாற்றத் தகுதியுள்ளது, அதை அவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்பதே உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: உங்கள் உழைப்பில் குறை இல்லை. பணமும் சட்டமும் ஆய்வாளர்களும் பின்னால் நின்று வெளியிட்ட அறிக்கைகளுக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1990களில் இதய பைபாஸ் ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு சர்ஜனுக்கும் இறப்பு விகிதத்தை அச்சிட்டு வெளியிட்டது. அங்கே பைபாஸ் செய்துகொண்டவர்களை விசாரித்த ஆய்வு 1998இல் வந்தது. ஆபரேஷனுக்கு முன் அப்படி ஓர் அறிக்கை இருப்பதே 12 சதவீதத்தினருக்குத்தான் தெரிந்திருந்தது. தங்கள் சர்ஜனின் அல்லது ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டைச் சரியாகத் தெரிந்து, அதை வைத்து முடிவெடுத்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அறிக்கையில் இருந்த எண்கள் சரியானவைதான். அவை வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கைக்குப் போகவில்லை, போனவர்களுக்கும் அதில் தங்கள் கேள்வி தெரியவில்லை.

ஆகவே முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மக்கள் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும் நேரங்கள் ஒரே மாதிரி இல்லை. நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து என்றால் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் கிடையாது. எது பக்கம், எதில் இப்போது ஆள் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். முழங்கால் மாற்று, கண்புரை, பித்தப்பை, பிரசவம் போன்றவற்றில் சில வாரங்களாவது கையில் உண்டு. அறிக்கை வேலை செய்யக்கூடிய இடம் இதுதான். டயாலிசிஸ், கீமோ, சர்க்கரை போன்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டியவற்றில் தூரம், காத்திருக்கும் நேரம், மாதச் செலவு ஆகியவை முன்னால் வந்துவிடும். ஒரே அட்டவணை இந்த மூன்றுக்கும் பதில் சொல்லப் போனால் ஒன்றுக்கும் சொல்லாது. 11 ஆஸ்பத்திரிகளும் எல்லா சிகிச்சைகளும் ஒரே தாளில் என்ற அமைப்பை விட்டுவிட்டு, ஒரு சிகிச்சைக்கு ஒரு தாள் என்று பிரியுங்கள்.

அவசரத்துக்கான தாள் மிகச் சிறியது. செக்யூரிட்டி மேஜையில் ஒட்டிவைக்கும் அளவு போதும். அதில் மூன்று வரி இருக்கட்டும். மாரடைப்புக்கு 24 மணி நேரமும் கேத் லேபும் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் அறை) அதை இயக்கும் குழுவும் எங்கே இருக்கிறது. பக்கவாதத்துக்கு இரவிலும் சி.டி. எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் வசதி எங்கே, பச்சிளங்குழந்தைக்கு ஐ.சி.யு. எங்கே. கேத் லேப் என்ற அறை இருப்பதும், இரவு 2 மணிக்கு அதைத் திறக்கும் ஆள் இருப்பதும் வெவ்வேறு விஷயம். அதனால் ஞாயிறு இரவு 11 மணிக்கு அவசரப் பிரிவுக்கே போன் செய்து, "இப்போது மாரடைப்பு நோயாளி வந்தால் ஆஞ்சியோபிளாஸ்டி இங்கேயே செய்வீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டு எழுதுங்கள். மாரடைப்பில் வாசலுக்கு வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பதும், பக்கவாதத்தில் அந்த ஊசிக்கு வழக்கமான எல்லை நான்கரை மணி நேரம் என்பதும் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவுகள். தனியார் பெயர்களோடு, அரசு ஆஸ்பத்திரிகளில் இதயத்துக்கு ஜெயதேவாவையும், தலைக்காயத்துக்கு நிமான்ஸையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் ஒயிட்ஃபீல்டிலிருந்து அங்கே போக மாலை நேரத்தில் எவ்வளவு நேரமாகும் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். கீழே 108 என்ற எண். அவ்வளவுதான்.

திட்டமிட்ட சிகிச்சைக்கான தாள்களில்தான் உழைப்பு வேண்டும். உங்கள் 34 நெடுவரிசைகளில் படுக்கை எண்ணிக்கை, எத்தனை மாடி, எந்த விருது, எந்த ஆண்டு தொடங்கியது என்பவற்றை முதலில் நீக்குங்கள். தரத்தை அமைப்பு, செய்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை 1966இல் அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவ அறிஞர் தொடங்கிவைத்தார். கட்டடமும் கருவியும் அமைப்பு. கிருமி வராமல் தடுக்கும் மருந்தை நேரத்துக்குக் கொடுத்தார்களா என்பது செய்முறை. நோயாளி நடந்தாரா, புண் சீழ்பிடித்ததா என்பது விளைவு. எளிதாகக் கிடைப்பது அமைப்பு பற்றிய விவரம், நோயாளிக்கு வேண்டியது விளைவு. உங்கள் அட்டவணை முழுக்க முதல் வகையாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அமைப்பு விவரங்களில் வைத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு. ஒன்று, கர்நாடகத்தின் 2007ஆம் ஆண்டு தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது. கே.பி.எம்.இ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இரண்டு, ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச். தரும் சான்று. இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். முழு அங்கீகாரம் வேறு, நுழைவுநிலைச் சான்று வேறு. வாசலில் மாட்டும் பலகையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். சான்று ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே. ஒரே பெயரில் ஊரெங்கும் கிளைகள் இருந்தால், ஒரு கிளையின் சான்று இன்னொன்றுக்குச் செல்லாது. என்.ஏ.பி.எச். இணையதளத்தில் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடி, சான்றின் வகை, முகவரி, காலாவதித் தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு என்.ஏ.பி.எல். சான்று இருந்தால், அது எந்தெந்தப் பரிசோதனைக்கு என்ற பட்டியலோடுதான் வரும். பட்டியலில் இல்லாத பரிசோதனைக்கு அந்தச் சான்று பேசாது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் சான்று இருப்பதால் உங்கள் அம்மாவின் ஆபரேஷன் நன்றாக நடக்கும் என்று சொல்ல முடியாது. பதிவேடுகளும் நடைமுறைகளும் இருக்கின்றன, வெளியாள் வந்து பார்த்திருக்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். நுழைவதற்கான தகுதியாக அதை வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணாக வைக்காதீர்கள்.

விளைவு பற்றிய எண்களைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் தொற்று, கீழே விழுதல், மருந்துத் தவறு, ஐ.சி.யு.வுக்குத் திரும்புதல், டிஸ்சார்ஜுக்கு ஆகும் நேரம் என்று பல அளவுகளை மாதாமாதம் தாங்களே கணக்கெடுக்க வேண்டும். தரப் பிரிவு என்று ஒரு பிரிவு இருக்கும். அவர்களிடம் இந்தக் கணக்கு இருக்கிறது. வெளியே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் தனியாருக்கு இல்லை. ஆனால் 400 வீடுகளின் சங்கம் எழுத்தில் கேட்டால் சிலர் தருவார்கள். தராதவர்களுக்கு நேராக "கேட்டோம், தரவில்லை" என்று தேதியோடு எழுதுவதே படிப்பவருக்கு ஒரு தகவல். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் என்ற விதி இருப்பதால், கேள்விகளைப் பிரித்துப் போடுங்கள்.

எண் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் வகுக்கும் எண். "எங்களிடம் போன மாதம் சிறுநீர்க் குழாய்த் தொற்று இரண்டே பேருக்கு" என்று ஒருவர் சொல்கிறார், "மூன்று பேருக்கு" என்று இன்னொருவர். இதில் எது மேல் என்று இப்போதே சொல்ல முடியாது. குழாய் போட்டிருந்த நோயாளிகளின் நாட்களைக் கூட்டி, அதில் ஆயிரம் நாளுக்கு எத்தனை தொற்று என்று பார்க்க வேண்டும். முதல் ஆஸ்பத்திரியில் 400 குழாய்நாள் என்றால் ஆயிரத்துக்கு 5. இரண்டாவதில் 1,500 குழாய்நாள் என்றால் ஆயிரத்துக்கு 2. இதே கணக்குதான் வென்டிலேட்டர் நிமோனியாவுக்கும், பெரிய ரத்தக்குழாயில் போடும் லைனில் வரும் தொற்றுக்கும். ஆபரேஷன் புண் தொற்று மட்டும் நூறு ஆபரேஷனுக்கு எத்தனை என்று வரும். ஆண்டு முழுவதும் பூஜ்யம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் உடனே பாராட்டாதீர்கள். தேடாதவருக்கும் பூஜ்யம்தான் கிடைக்கும். "எத்தனை நாள் வரை நோயாளியைத் தொடர்ந்து பார்த்து எண்ணுகிறீர்கள்?" என்று கேளுங்கள். முழங்கால் மாற்றில் ஆழமான தொற்றை 90 நாள் வரை கவனிக்க வேண்டும்; நாலைந்து நாளில் டிஸ்சார்ஜ் ஆகிறவரை மட்டும் எண்ணினால் தொற்று கண்ணில் படவே படாது. இந்த ஒரு கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலே அங்கே கணக்கெடுப்பு நடக்கிறதா இல்லையா என்பதைக் காட்டிவிடும்.

இறப்பு விகிதத்தை உங்கள் தாளில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1986இல் அமெரிக்க அரசு முதன்முதலாக ஆஸ்பத்திரிவாரியாக இறப்புப் பட்டியல் வெளியிட்டபோது, மிக மோசமாகத் தெரிந்த இடம் ஒன்று, உயிர் பிரியும் கட்டத்தில் இருப்பவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லம். அங்கே வருபவர்கள் இறப்பதற்காகவே வருகிறார்கள். நோயாளியின் வயது, நோயின் தீவிரம், சர்க்கரை, சிறுநீரக நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டாமல் இறப்பை ஒப்பிட்டால், கடினமான நோயாளியை ஏற்றுக்கொள்ளும் நல்ல ஆஸ்பத்திரிதான் கெட்ட பெயர் வாங்கும். சரிக்கட்டுவதற்கு ஒவ்வொரு நோயாளியின் விவரமும் வேண்டும், அது ஒரு குடியிருப்புச் சங்கத்துக்குக் கிடைக்காது. அதோடு எண்ணிக்கை சிறியதாக இருக்கும் தொல்லை உண்டு. 30 ஆபரேஷனில் ஒருவர்கூட இறக்கவில்லை என்றால் ஆபத்து பூஜ்யம் என்று பொருளல்ல. மூன்றை 30ஆல் வகுத்தால் வரும் 10 சதவீதம் வரை உண்மையான ஆபத்து இருக்க இடமுண்டு என்பது புள்ளியியலில் கைக்கணக்கு. 300 ஆபரேஷனில் ஒன்றும் இல்லை என்றால்தான் அந்த எல்லை 1 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒற்றை ஆபரேஷனுக்கு 300 என்ற எண்ணிக்கை பல ஆஸ்பத்திரிகளில் ஆண்டுக்கு வராது.

அதற்குப் பதிலாக ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். சில ஆபரேஷன்களில் எண்ணிக்கையே உயிர் காக்கிறது. அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவை வைத்து 2002இல் வந்த பெரிய ஆய்வில், கணையத்தை வெட்டியெடுக்கும் ஆபரேஷனை மிக அரிதாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் இறப்பு 16.3 சதவீதம், அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். உணவுக்குழாய் ஆபரேஷனிலும் பெரிய வித்தியாசம் இருந்தது. பித்தப்பை போன்ற அன்றாட ஆபரேஷன்களில் இந்த அளவு வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே கணையம், உணவுக்குழாய் போன்ற பெரிய புற்றுநோய் ஆபரேஷன் என்றால் எண்ணிக்கையை முதல் வரியாகப் போடுங்கள், முழங்காலுக்கு நடுவில் போடுங்கள், கண்புரைக்குத் தேவையில்லை. கேட்கும்போது "இந்தக் கிளையில், இந்த சர்ஜன், போன 12 மாதத்தில்" என்ற மூன்றும் கேள்வியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடு முழுவதும் உள்ள கிளைகளைக் கூட்டிய எண் உங்களுக்கு வரும்.

பிரசவத் தாளில் எல்லோரும் சிசேரியன் சதவீதத்தைத் தேடுவார்கள். 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 21.5 சதவீதம், தனியாரில் 47.4, அரசு ஆஸ்பத்திரிகளில் 14.3. கர்நாடகத்தில் மொத்தம் 31.5, நம் ஊரான தமிழ்நாட்டில் 44.9. இவை பின்னணிக்கு உதவும், ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க உதவாது. ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் எல்லோரும் அனுப்பப்படும் பெரிய ஆஸ்பத்திரியில் விகிதம் இயல்பாகவே கூடும். நியாயமாக ஒப்பிட ஒரே மாதிரிப் பெண்களை எடுக்க வேண்டும்: முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த, பிரசவத்துக்கு வரும் பெண்களை வகைப்படுத்தும் ராப்சன் பத்துப் பிரிவுகளில் முதல் இரண்டும் இவர்கள்தான். "ராப்சன் ஒன்று, இரண்டில் உங்கள் சிசேரியன் சதவீதம் என்ன?" என்று கேளுங்கள். கணக்கு வைத்திருக்கும் மகப்பேறுப் பிரிவுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். குழந்தையின்மை சிகிச்சை மையங்களின் "வெற்றி விகித"மும் இதே நோய் பிடித்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததும் வெற்றியா, குழந்தை உயிரோடு பிறந்தால் வெற்றியா? வகுப்பது தொடங்கிய சுற்றுகளாலா, கருவைக் கருப்பையில் வைத்த சுற்றுகளாலா? 35 வயதுக்குக் கீழே எவ்வளவு, மேலே எவ்வளவு? இவை தெரியாத சதவீதத்தைத் தாளில் ஏற்றாதீர்கள்.

பணத்தைத் தரத்திலிருந்து பிரித்துப் பேசுவது நம் ஊரில் முடியாது. கட்டணப் பட்டியலை மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று கே.பி.எம்.இ. சட்டம் சொல்கிறது. ஆனால் பட்டியலில் இருக்கும் பேக்கேஜும் கடைசியில் வரும் பில்லும் ஒன்றாக இருப்பதில்லை. நழுவும் இடங்கள் தெரிந்தவைதான்: உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் பேக்கேஜுக்குள் இருக்கிறதா வெளியிலா, கையுறை, ஊசி, டிரெஸ்ஸிங் போன்ற பொருட்கள், கூடுதலாக ஓர் ஐ.சி.யு. நாள், அறை வகை உயர்ந்தால் டாக்டர் கட்டணமும் சேர்ந்து உயர்வது. ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கும் 2017இலிருந்து மத்திய அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது; பில்லில் அவற்றின் பெயரும் விலையும் தனியாக வர வேண்டும். உங்கள் குடியிருப்பால் மட்டுமே தரக்கூடிய, வேறு எந்த அறிக்கையிலும் இல்லாத அளவு ஒன்று இங்கே இருக்கிறது: எழுத்தில் கொடுத்த எஸ்டிமேட்டுக்கும் கடைசி பில்லுக்கும் உள்ள இடைவெளி. எஸ்டிமேட் 2,10,000, பில் 2,73,000 என்றால் 30 சதவீதம் கூடுதல். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆபரேஷன் செய்துகொண்ட வீடுகளில் கேட்டால் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு பில்லாவது தேறும். அந்தச் சதவீதங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். சராசரி வேண்டாம், சிக்கலாகிப்போன ஒரே ஒரு கேஸ் சராசரியை இழுத்துவிடும். இந்த ஒரு வரிக்காகவே மக்கள் உங்கள் தாளைத் தேடி வருவார்கள்.

அனுபவத்தைக் கேட்கும்போதும் கேள்வி முக்கியம். "திருப்தியா?" என்று கேட்டால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் நல்ல மதிப்பெண் வரும், உயிரோடு வீட்டுக்கு வந்தவர் குறை சொல்லத் தயங்குவார். நடந்ததைக் கேளுங்கள். புது மருந்து தரும்போது எதற்கு என்று சொன்னார்களா? ராத்திரி மணியடித்தால் எவ்வளவு நேரத்தில் நர்ஸ் வந்தார்? வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கிளம்பும்வரை எத்தனை மணி நேரம்? எந்த அறிகுறி தெரிந்தால் திரும்ப வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்களா, புரியும் மொழியில் சொன்னார்களா? பெங்களூரில் கடைசிக் கேள்வி பெரிய கேள்வி. கன்னடம் தெரியாத, ஆங்கிலமும் வராத, மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு, மருந்துச் சீட்டை யாராவது தமிழில் சொன்னார்களா என்பது எந்த நட்சத்திர மதிப்பீட்டிலும் வராது. பதில்கள் குறைவாக இருக்கும்போது சதவீதம் போடாதீர்கள். "75 சதவீதம்" என்பதைவிட "12 பேரில் 9 பேர்" என்பது நேர்மையானது; எண்ணிக்கை சிறியது என்பதைப் படிப்பவர் தானே பார்த்துக்கொள்வார். அமெரிக்க அரசுகூட நோயாளி அனுபவத்துக்கு நட்சத்திரம் கொடுக்கக் குறைந்தது 100 பேரின் பதில் வேண்டும் என்கிறது.

இனி தாளின் தோற்றம். மக்கள் இத்தகைய அறிக்கைகளை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஹிப்பார்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சிகளிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியவை சில. அளவுகள் கூடக்கூடப் புரிதல் குறைகிறது. ஒரு தாளில் ஆறேழுக்கு மேல் வேண்டாம். எண் பெரிதாக இருந்தால் நல்லதா, சிறிதாக இருந்தால் நல்லதா என்று ஒவ்வொரு நெடுவரிசையிலும் யோசிக்க வைக்கக் கூடாது. "தொற்று 2" என்பதற்குப் பக்கத்தில் "மற்றவற்றைவிட நன்று" என்ற சொல் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளை அகர வரிசையில் அடுக்காமல், அந்தத் தாளின் முக்கியமான அளவில் யார் முன்னால் இருக்கிறாரோ அவரை மேலே போடுங்கள். கட்டணத்தை மட்டும் தனியாகக் காட்டினால் "விலை குறைவு என்றால் தரமும் குறைவு" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தரமும் கட்டணமும் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாக இருந்தால் அந்தத் தவறு குறைகிறது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே நட்சத்திரமாக்கும் ஆசையை அடக்குங்கள். தொற்றில் பின்தங்கிய ஆஸ்பத்திரி, உணவிலும் பார்க்கிங்கிலும் எடுத்த மதிப்பெண்ணால் மேலே ஏறிவிடும். நிறத்தை மட்டும் நம்பி மதிப்பைக் காட்டாதீர்கள்; கருப்புவெள்ளை ஜெராக்ஸில் பச்சையும் சிவப்பும் ஒன்று. விவரம் இல்லாத கட்டத்தை "சுமார்" என்று நிரப்பாமல் "விவரம் இல்லை" என்றே விடுங்கள். சொற்களையும் வீட்டுப் பேச்சில் போடுங்கள்: "மறு அனுமதி விகிதம்" என்பதைவிட "வீட்டுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்கள்". அச்சடிக்கும் முன் குடியிருப்பில் ஐந்து பெரியவர்களிடம் தாளைக் கொடுத்து, "உங்களுக்கு முழங்கால் ஆபரேஷன் என்றால் இதைப் பார்த்து எங்கே போவீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். இரண்டு பேர் தடுமாறினால் தவறு தாளில்தான்.

எது சந்தேகத்துக்குரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட அறிக்கையால் நோயாளிகள் நல்ல ஆஸ்பத்திரிக்கு மாறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் மெலிது. நியூயார்க் மாநிலத்தில் இதய ஆபரேஷன் அறிக்கைகள் வந்த காலத்தில், நோயின் தீவிரத்தைச் சரிக்கட்டிய இறப்பு 1989இல் 4.17 சதவீதமாக இருந்தது 1992இல் 2.45 ஆனது. ஆனால் அறிக்கையே வெளியிடாத மாசசூசெட்ஸிலும் அப்போது இறப்பு குறைந்தது. அதனால் புகழ் முழுவதையும் அறிக்கைக்குக் கொடுக்க முடியாது. பென்சில்வேனியாவில் இதய மருத்துவர்களில் 59 சதவீதத்தினர், அறிக்கை வந்தபின் மிகக் கடினமான நோயாளிக்கு சர்ஜன் கிடைப்பது சிரமமாகிவிட்டது என்றார்கள். அது உண்மையில் எவ்வளவு பேரைப் பாதித்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மறுபக்கம், விஸ்கான்சின் மாநிலத்தில் 24 ஆஸ்பத்திரிகளின் விவரம் 2001இல் வெளியானபோது நோயாளிகள் பெரிதாக இடம் மாறவில்லை. ஆனால் பெயர் வெளியான ஆஸ்பத்திரிகள், வெளியாகாதவற்றைவிட அதிகமாகத் தங்களைத் திருத்திக்கொள்ள முயன்றன. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. உங்கள் வாசகர்கள் 400 வீட்டார் மட்டுமல்ல, அந்த 11 ஆஸ்பத்திரிகளின் தரப் பிரிவுகளும்தான். வெளியிடுவதற்கு 15 நாள் முன்பே ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் அவர்களைப் பற்றிய வரியை அனுப்பி, தவறு இருந்தால் ஆதாரத்தோடு திருத்தச் சொல்லுங்கள். இது நியாயம், அவதூறு வழக்கிலிருந்து பாதுகாப்பு, கூடவே அவர்களைத் தங்கள் எண்ணைப் பார்க்கவைக்கும் வழி. நோயாளிகளின் பெயர், பில்லின் புகைப்படம், நோய் விவரம் எதுவும் குரூப்பில் சுற்றக் கூடாது; விவரம் சேர்ப்பவர் இருவரோடு நிற்கட்டும், எண்கள் மட்டும் வெளியே வரட்டும்.

முதல் தாளுக்கு முழங்கால் மாற்றையே எடுங்கள். கேட்டவர் ஏற்கெனவே இருக்கிறார், யோசிக்க நேரம் இருக்கும் ஆபரேஷன், உங்கள் குடியிருப்பில் செய்துகொண்டவர்களும் இருப்பார்கள். ஏழு வரி போதும்: சான்றின் வகையும் அது எந்தத் தேதி வரை என்பதும், இந்தக் கிளையில் போன ஆண்டு எத்தனை முழங்கால், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் கிருமி வராமல் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர், 90 நாளில் தொற்று நூற்றுக்கு எத்தனை, ஆபரேஷன் ஆன 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடக்கவைத்தார்களா, எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் இடைவெளி, வீட்டுக்கு வந்தபின் பிசியோதெரபி யார் பொறுப்பு, எத்தனை முறை, பேக்கேஜில் உண்டா. தாளின் தலையிலேயே விவரம் எடுத்த மாதத்தையும், எந்த மாதத்துக்குப் பிறகு இதை நம்ப வேண்டாம் என்பதையும் அச்சிடுங்கள். சர்ஜன்கள் ஆஸ்பத்திரி மாறுவது பெங்களூரில் அடிக்கடி நடப்பதால் ஆறு மாதத்துக்கு மேல் அந்தத் தாளுக்கு ஆயுள் கொடுக்காதீர்கள். அடுத்த முறை குரூப்பில் "நல்ல டாக்டர் சொல்லுங்களேன்" என்று ஒருவர் கேட்கும்போது, அந்த நிமிடமே அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவருக்கு அனுப்ப ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.